வாசிகசாலை நூற்பட்டியலுக்கு ஒரு வலைச்செயலி: தொடக்கத் திட்டத்தில் எவற்றை இப்போதே அமைப்பது?

சுன்னாகம் மாணவி எழுதியது:

அண்ணாமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் உள்ள நூல்களைத் தேடிப் பார்ப்பதற்கும், யார் எந்த நூலை இரவல் எடுத்திருக்கிறார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பவற்றைப் பதிந்து வைப்பதற்கும் ஒரு வலைச்செயலியை உருவாக்கித் தர நாங்கள் நால்வர் முன்வந்திருக்கிறோம். வழங்கியையும் தரவுத்தளத்தையும் எங்களுள் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். உலாவியில் இயங்கும் முகப்புப் பகுதி என் பொறுப்பு. உலாவி முகப்புகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டின் அடிப்படைகள் எனக்குத் தெரியும். ஆயினும் பலர் சேர்ந்து வேலை செய்யப்போகும் ஒரு திட்டத்தை வெறுங் கோப்புறையிலிருந்து தொடங்கி மற்றவர்களிடம் ஒப்படைப்பது எனக்குப் புதிது.

நான் பார்க்கும் காணொளிப் பாடங்களிற் பல, புதிய ரியாக்ட் திட்டத்தை அமைத்துத் தரும் கிரியேற் ரியாக்ட் அப் என்ற கருவியுடன் தொடங்குகின்றன. அந்தக் கட்டளையை இயக்கினால், அது கைவிடப்பட்டுவிட்டது என்ற எச்சரிக்கை வருகிறது. புதிய பாடங்களோ வீற், நெக்ஸ்ட், ரெயில்விண்ட், ரிடக்ஸ், ஸ்ரோரிபுக் என்று ஒரு நீண்ட பட்டியலை முதல் நாளிலேயே நிறுவச் சொல்கின்றன. எங்களில் இருவரிடம் விண்டோஸ் மடிக்கணினிகளும் மற்ற இருவரிடம் உபுண்டு நிறுவிய பழைய கணினிகளும் உள்ளன. இணைய இணைப்பு என்பது பெரும்பாலும் கைத்தொலைபேசி டேட்டாதான். முதல் நாளிலேயே தீர்மானிக்க வேண்டியவை எவை, பின்னர் தேவை வரும்போது சேர்த்துக்கொள்ளக்கூடியவை எவை என்பதைப் பிரித்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


இணுவில் நிரலர் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. கேள்வியைச் சரியான இடத்திற் பிடித்திருக்கிறீர்கள். பின்னர் மாற்றினால் எல்லாருடைய வேலையையும் குழப்பக்கூடியவற்றை மட்டும் இப்போது அமையுங்கள். ஒரு மாலைப்பொழுதில் சேர்த்துவிடக்கூடிய எதையும் இப்போது தொடாதீர்கள். ரிடக்ஸும் ஸ்ரோரிபுக்கும் அழகான பொத்தான் நூலகங்களும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றி மேற்கொண்டு நான் எதுவும் எழுதப்போவதில்லை.

முதலில் கருவி. கிரியேற் ரியாக்ட் அப் 2016இல் வந்தது. புதிய செயலிகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவினரே 2025 பெப்ரவரி 14ஆம் திகதி அறிவித்துவிட்டார்கள். அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளை (பிறர் எழுதிய ஆயத்த நிரல்களை) இறக்கிக்கொள்ளும் என்பதால், டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் உங்களுக்கு அது போனதில் இழப்பும் இல்லை. நெக்ஸ்ட் போன்ற முழுச் சட்டகங்கள், பக்கத்தை வழங்கியிலேயே தயாரித்து அனுப்ப வேண்டிய தேவை உள்ளவர்களுக்குப் பொருத்தமானவை. உங்களுக்குத் தனியாக ஒரு வழங்கி இருக்கிறது, அதிலிருந்து தரவு வருகிறது, உலாவி அதைக் காட்டுகிறது; இதற்கு, நிரற் கோப்புகளை உலாவிக்கேற்பத் தொகுத்துத் தரும் வீற் என்ற கருவி போதும். பொதிகளை நிறுவும் கருவியான என்பிஎம்மின் கிரியேற் என்ற கட்டளையுடன் வீற்றின் பெயரையும் கொடுத்து, கேட்கும்போது ரியாக்ட், ரைப்ஸ்கிரிப்ட் (தரவு வகைகளைக் குறிப்பிட்டு எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்) இரண்டையும் தெரிவுசெய்தால், தேவையான சிறிய எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

பழைய கணினிகளில் வீற் விரைவாகத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முன்னைய கருவிகள் செயலி முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி முடித்த பின்னரே முதற் பக்கத்தைக் காட்டும். வீற்றோ, இன்றைய உலாவிகள் ஜாவாஸ்கிரிப்ட் தொகுதிகளைத் தாமாகவே கேட்டுப் பெறும் ஆற்றல் கொண்டவை என்பதைப் பயன்படுத்தி, நீங்கள் எழுதும் கோப்புகளை உலாவி கேட்கும்போது ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுக்கிறது. வெளியிலிருந்து எடுத்த நூலகங்களை மட்டும் முன்கூட்டியே ஒருமுறை கட்டிச் சேமித்துக்கொள்கிறது. எனவே கோப்புகள் பெருகினாலும் காத்திருக்கும் நேரம் அதே அளவில் பெருகாது.

அடுத்தது, இந்தக் கருவிகளை உங்கள் கணினியில் இயக்கும் நோட் என்ற மென்பொருளின் பதிப்பு. நால்வரும் வெவ்வேறு பதிப்புகளை வைத்திருந்தால், ஒருவருக்கு ஓடுவது மற்றவருக்கு ஓடாது. காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நாள் போய்விடும். 2025 ஜூனில் வெளிவந்த வீற் 7ஆம் பதிப்புக்கு நோட் 20.19 அல்லது 22.12, அல்லது அவற்றிலும் புதியது வேண்டும். நோட் 18க்கான ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது. இதுவரை இரட்டை எண் கொண்ட பதிப்புகளே நீண்டகால ஆதரவைப் பெற்றுவந்துள்ளன. அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, அந்த எண்ணை, பதிப்பு மாற்றும் கருவிகள் வாசிக்கும் என்விஎம்ஆர்சி கோப்பிலும், திட்டத்தின் பொதிகளைப் பட்டியலிடும் பாக்கேஜ் கோப்பின் எஞ்ஜின்ஸ் பகுதியிலும் எழுதி வையுங்கள். எஞ்ஜின்ஸ் பகுதி தனியாக நின்றால் எச்சரிக்கை மாத்திரமே தரும். என்பிஎம்மின் அமைப்புகளுக்கான என்பிஎம்ஆர்சி கோப்பில் எஞ்ஜின் ஸ்ரிக்ட் என்ற அமைப்பை இயக்கினாற்றான் பிழையான பதிப்புடன் நிறுவ முயல்பவரை அது தடுக்கும். விண்டோஸ், உபுண்டு இரண்டிலும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் பதிப்பு மாற்றி வேண்டுமானால் எஃப்என்எம் நல்லது.

இனி, உங்கள் டேட்டாவைப் பற்றியது. நிறுவிய பொதிகளின் சரியான பதிப்புகளைக் குறித்து வைக்கும் பாக்கேஜ் லொக் கோப்பைக் கட்டாயம், குழுவின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிற் களஞ்சியத்திற் சேருங்கள். பொதிகள் வந்து இறங்கும் நோட் மொடியூல்ஸ் கோப்புறையை ஒருபோதும் சேர்க்காதீர்கள். புதிய பொதி ஒன்றைச் சேர்ப்பவர் மட்டும் என்பிஎம் இன்ஸ்ரோல் கட்டளையை இயக்கட்டும். மற்றவர்கள் என்பிஎம் சிஐ கட்டளையை இயக்கட்டும். இந்த இரண்டாவது கட்டளை லொக் கோப்பில் உள்ள பதிப்புகளை அப்படியே நிறுவும், பாக்கேஜ் கோப்புக்கும் லொக் கோப்புக்கும் பொருத்தமில்லை என்றால் வேலை செய்ய மறுத்துவிடும். அது பழைய நோட் மொடியூல்ஸை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவதைக் கண்டு டேட்டா கரைகிறது என்று பயப்பட வேண்டாம். முன்பு இறக்கிய பொதிகள் என்பிஎம்மின் சேமிப்பில் இருக்கும், பிரிஃபர் ஒஃப்லைன் என்ற தெரிவைச் சேர்த்து இயக்கினால் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் வழக்கமாக நடப்பது, ஒருவர் இறக்கிய நோட் மொடியூல்ஸை பென் டிரைவில் பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது. இதைச் செய்யாதீர்கள். வீற் நம்பியிருக்கும் கருவிகளிற் சில, ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் வேறு வேறாகத் தொகுக்கப்பட்ட இருமக் கோப்புகளாக வருபவை. விண்டோஸில் நிறுவியது உபுண்டுவில் ஓடாது. பென் டிரைவில்தான் கொடுக்க வேண்டுமென்றால், ஒரே இயங்குதளம் உள்ளவர்களிடையே என்பிஎம்மின் சேமிப்புக் கோப்புறையைப் பிரதி எடுத்துக் கொடுத்து, பின்னர் என்பிஎம் சிஐ கட்டளையை இயக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸும் உபுண்டுவும் கலந்த குழுவுக்கு மேலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, வரி முடிவைக் காட்டும் மறைகுறி; அது இரு இயங்குதளங்களிலும் வேறு. விண்டோஸில் ஒரு கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்திச் சேமித்தால், கிற் அந்தக் கோப்பின் எல்லா வரிகளும் மாறிவிட்டன என்று காட்டும் நிலை வரலாம். அதற்குப் பிறகு யார் எதை மாற்றினார் என்று பார்ப்பது வீண். கிற் அற்றிபியூட்ஸ் கோப்பில் எல்லா உரைக் கோப்புகளுக்கும் எல்எஃப் முடிவே வேண்டும் என்று முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள். நிரலை ஒரே ஒழுங்கில் அடுக்கித் தரும் பிரிற்றியரும் இயல்பாகவே அதைத்தான் எதிர்பார்க்கிறது. மற்றையது, கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. புக்லிஸ்ட் என்ற திரைக்கூறின் கோப்பைப் பெரிய எழுத்தில் பெயரிட்டுவிட்டு, அதை அழைக்கும் இம்போர்ட் வரியில் சின்ன எழுத்தில் எழுதினால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. உபுண்டுவிலும், பெரும்பாலும் லினக்ஸில் இயங்கும் தொகுப்பு வழங்கிகளிலும் அது அப்படியே உடையும். கோப்புப் பெயருக்கு ஒரே வழக்கத்தை வைத்து, அதை ரீட்மீ கோப்பின் முதற் பத்தியில் எழுதி வையுங்கள்.

ரைப்ஸ்கிரிப்டை இப்போதே தெரிவுசெய்யச் சொன்னதற்குக் காரணம், பாதி வழியில் மாறுவது சலிப்பூட்டும் வேலை என்பதே. ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: வீற் ரைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுமே தவிர, வகைப் பிழைகளைச் சோதிப்பதில்லை. பக்கம் உலாவியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே வகைப் பிழைகள் உள்ளே இருக்கலாம். அதனால்தான் ரைப்ஸ்கிரிப்ட் வார்ப்புருவில், வெளியீட்டுக்குத் தொகுக்கும் பில்ட் கட்டளையில் முதலில் வகைகளைச் சோதிக்கும் ரீஎஸ்சி, பின்னர் வீற் என்று இரண்டும் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. நேரம் மிச்சம் என்று யாராவது முதலாவதை நீக்க வந்தால் விடாதீர்கள்.


மானிப்பாய் பழையவர் எழுதியது:

இணுவில் தம்பி சொன்னவற்றில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வியொன்று இருக்கிறது. ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையின் நூற்பட்டியலைக் காட்டுவதற்கு ரியாக்ட் எதற்கு? சில ஆயிரம் நூல்களின் தலைப்பு, ஆசிரியர், அலுமாரி இலக்கம் ஆகியன அடங்கிய ஒரு ஜேசன் கோப்பு (எளிய உரைவடிவத் தரவுக் கோப்பு), சுருக்கி அனுப்பினால் ஒரு நல்ல ஒளிப்படத்தின் அளவைத் தாண்டாது. அதை ஒரு சாதாரணப் பக்கத்தில் இறக்கி, தேடற் பெட்டியில் தட்டச்சுச் செய்வதற்கேற்ப வடிகட்டிக் காட்டுவதற்கு எந்தச் சட்டகமும் தேவையில்லை, எந்தத் தொகுப்புக் கருவியும் தேவையில்லை.

நான் இதைச் சொல்வது புதியதைப் பிடிக்காமல் அல்ல. நீங்கள் நால்வரும் படித்து முடித்ததும் கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விடுவீர்கள். அது நடக்க வேண்டியதுதான். அதன் பிறகு நிலையத்தின் செயலாளர், ஒரு தொலைபேசி இலக்கத்தை மாற்றவோ ஓர் அறிவித்தலைச் சேர்க்கவோ விரும்பினால், அவர் நோட்டை நிறுவி, பொதிகளை இறக்கி, அவற்றின் பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் படித்து, பில்ட் செய்ய வேண்டுமா? சாதாரண எச்ரிஎம்எல் பக்கத்தை நோட்பாடில் திறந்து மாற்றிச் சேமிக்கத் தெரிந்த ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார்.


இணுவில் நிரலர் எழுதியது:

ஐயா, பட்டியலைக் காட்டுவது மட்டும் என்றால் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் இரவல் பதிவு, திருப்பித் தரும் நாள், தாமதமானவர்களின் பட்டியல், நிலையப் பொறுப்பாளருக்கு மட்டும் உள்நுழைவு என்று வரும்போது, ஒரே தகவல் திரையின் மூன்று இடங்களில் மாற வேண்டியிருக்கும். அதைக் கையால் ஒத்திசைப்பது விரைவிற் சிக்கலாகிவிடும். இன்னொன்று, வீற் தொகுத்துத் தரும் டிஸ்ட் கோப்புறையில் இருப்பவை வெறும் எச்ரிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளே. அவற்றை இயக்க நோட் தேவையில்லை. எவரும் தொடாவிட்டாலும் அவை ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் கருத்தில் ஒன்றை நிச்சயமாக எடுத்துக்கொள்ளலாம். அறிவித்தல்கள், திறந்திருக்கும் நேரம், தொலைபேசி இலக்கம் போன்றவற்றை ரியாக்ட் கூறுகளுக்குள் எழுதாமல், பப்ளிக் கோப்புறையில் ஒரு சிறு ஜேசன் கோப்பாக வைத்து, செயலி இயங்கும்போது அதை வாசிக்கச் செய்யுங்கள். அந்தக் கோப்புறையில் உள்ளவை தொகுப்பில் மாற்றமின்றி அப்படியே டிஸ்டுக்குள் பிரதியாகும் என்பதால், பின்னர் வருபவர் அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றினாற் போதும்.


மானிப்பாய் பழையவர் எழுதியது:

அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.


நெல்லியடி எழுத்துப்பிரியர் எழுதியது:

செயலியின் உள்ளடக்கம் முழுவதும் தமிழ் என்பதை இருவருமே மறந்துவிட்டீர்கள். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து உருவாக்கிய வார்ப்புரு, தமிழுக்கு எதையும் செய்து வைத்திருக்காது. முதல் நாள் வேலையில் இதையும் நான் சேர்ப்பேன், ஏனென்றால் தரவு உள்ளே போன பிறகு திருத்துவதுதான் உண்மையான தலையிடி.

முதலில் எளியவை. திட்டத்தின் வேரில் இருக்கும் இன்டெக்ஸ் பக்கத்தில் மொழி ஆங்கிலம் என்று இருக்கும். அதைத் தமிழ் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் உலாவி பக்கத்தை மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கும், திரைவாசிப்பான்களும் தடுமாறும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழை, எழுத்துருக்களை என்பிஎம் வழியே தரும் ஃபொன்ட்சோர்ஸ் பொதியாக எடுத்துத் திட்டத்துக்குள்ளேயே வைத்திருங்கள். வரிகளுக்கு இடையில் ஆங்கிலத்துக்குக் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளி கொடுங்கள். மேலே விசிறியும் கீழே கொக்கியும் உள்ள எழுத்துகள் நெருக்கத்தில் மோதிக்கொள்ளும்.

இனி முக்கியமானது. வாசிகசாலையில் ஏற்கெனவே தட்டச்சு செய்த நூற்பட்டியல் இருந்தால், அது பாமினி எழுத்துருவில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பாமினியிற் சேமித்த கோப்பின் உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறிகளே. எழுத்துருவை எடுத்துவிட்டால் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கூட்டம்தான் மிஞ்சும். இதைத் தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரே தடவையில் யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் கண்ணாலும் சரிபார்த்துவிட வேண்டும். செயலிக்குள் மாற்றி ஒன்றை வைத்து ஒவ்வொரு முறையும் மாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்பாய் என்ற சொல்லின் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வேறு. எனவே ஒருவர் தேடும்போது நூல் இருந்தும் இல்லை என்று வரும். தரவை ஏற்றும்போதும், தேடற் பெட்டியில் வரும் சொல்லை ஒப்பிடும்போதும் ஜாவாஸ்கிரிப்டின் நோர்மலைஸ் செயற்பாட்டை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்தைக் குறிப்பிட்டே இயக்குங்கள். இரு வடிவங்களும் ஒன்றாகிவிடும். ஆனால் ஔகாரத்தில் சிலர் கொம்பு போட்டு அடுத்து ளகரத்தைத் தட்டச்சு செய்வார்கள். அது கண்ணுக்கு ஔகாரக் குறிபோலவே தெரிந்தாலும் உண்மையில் வேறு எழுத்து, நோர்மலைஸ் அதைச் சரிசெய்யாது. கௌ, சௌ, மௌ வரும் பெயர்களைத் தனியாகப் பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.

அகரவரிசையிலும் கவனம் தேவை. சோர்ட் செயற்பாட்டை அப்படியே பயன்படுத்தினால், யூனிகோட் அட்டவணையின் ஒழுங்கிலேயே வரிசை வரும். அந்த ஒழுங்கில் றகரம் லகரத்துக்கு முன்னும், ழகரம் வகரத்துக்கு முன்னும், னகரம் பகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. மரம், மலர், மறம் என்று வர வேண்டியது மரம், மறம், மலர் என்று வரும். பவளம் பழத்துக்குப் பின்னால் போய்விடும். வாசிகசாலைக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். இன்டில் கொலேற்றர் என்ற உள்ளமைந்த வசதிக்குத் தமிழ் மொழிக்குறியைக் கொடுத்து அதைக்கொண்டு வரிசைப்படுத்தினால் நம் ஒழுங்கு கிடைக்கும். இதற்கு வெளிப் பொதி எதுவும் வேண்டியதில்லை.

நீண்ட தலைப்புகளைக் குறுக்கிக் காட்ட, எழுத்துகளை எண்ணி வெட்டாதீர்கள். யாழ்ப்பாணம் என்ற சொல்லில் நாம் ஆறு எழுத்துகளை எண்ணுவோம். ஜாவாஸ்கிரிப்ட் 11 என்று சொல்லும். அந்தக் கணக்கில் வெட்டினால் புள்ளியோ காலோ கழன்றுபோன எழுத்து ஓரத்தில் நிற்கும். வெட்டும் வேலையை சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடுங்கள்.


சுன்னாகம் மாணவி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பழைய பட்டியல் பாமினியில்தான் இருக்கிறது என்று இன்று நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அதை மாற்றிச் சரிபார்க்கும் வேலையை எங்களுள் ஒருவர் பொறுப்பேற்றுவிட்டார். வீற், ரைப்ஸ்கிரிப்ட், நோட் 22, லொக் கோப்பு, எல்எஃப் வரி முடிவு, பிரிற்றியர், என்எஃப்சி மாற்றத்துக்கும் அகரவரிசைக்கும் ஒரு சிறு பொதுக் கோப்பு ஆகியவற்றோடு தொடக்கத் திட்டத்தை நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சோதனைப் பதிப்பை, கிற் களஞ்சியத்திலிருந்து வலைப்பக்கங்களை வெளியிடும் கிற்ஹப் பேஜஸில் ஏற்றிப் பார்த்தபோது வெள்ளைத் திரை மட்டுமே வருகிறது. கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. மேலும், வழங்கியின் முகவரியையும் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் எங்கே வைப்பது?


இணுவில் நிரலர் எழுதியது:

வெள்ளைத் திரைக்குப் பெரும்பாலும் காரணம் பாதைதான். கிற்ஹப் பேஜஸில் உங்கள் திட்டம் தளத்தின் வேரில் அல்லாமல், களஞ்சியத்தின் பெயரில் அமைந்த உட்பாதையில் ஏறுகிறது. வீற்றோ கோப்புகள் வேரில் இருப்பதாக நினைத்து முகவரி எழுதிவிடுகிறது. வீற் கொன்பிக் கோப்பில் பேஸ் என்ற அமைப்புக்குக் களஞ்சியத்தின் பெயரை, முன்னும் பின்னும் சாய்கோட்டுடன் கொடுத்து மீண்டும் பில்ட் செய்யுங்கள். அடுத்து, ஒரு நூலின் பக்கத்தில் நின்று புதுப்பித்தால் 404 என்று வரும். அந்தப் பாதையில் உண்மையான கோப்பு எதுவும் இல்லாததே காரணம். சோதனைக் காலத்துக்கு, பாதையை # குறிக்குப் பின்னால் எழுதும் ஹாஷ் முறையிலான வழிப்படுத்தலைப் பயன்படுத்துங்கள், பின்னர் சொந்த வழங்கிக்கு மாறும்போது எல்லாப் பாதைகளுக்கும் இன்டெக்ஸ் பக்கத்தையே அனுப்பும்படி அமைத்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல் முகப்புப் பகுதிக்குள் எங்கேயும் வரக்கூடாது. சூழல் மாறிகளில் (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்புகளில்) வீற் என்ற முன்னொட்டுடன் எழுதப்படுபவை தொகுப்பின்போது ஜாவாஸ்கிரிப்டுக்குள் அப்படியே பதிந்துவிடும். உலாவியின் கருவிப் பலகையைத் திறக்கத் தெரிந்த எவரும் அவற்றை வாசிக்கலாம். வழங்கியின் முகவரியை அப்படி வைப்பதில் தீங்கில்லை. தரவுத்தளக் கடவுச்சொல் வழங்கியில் மட்டுமே இருக்க வேண்டும்.


நெல்லியடி எழுத்துப்பிரியர் எழுதியது:

திருப்பித் தரும் நாள் பற்றியும் ஒரு சொல். ஜாவாஸ்கிரிப்டின் ஐஎஸ்ஓ வடிவத் திகதி உலகப் பொது நேரத்தில் வருவது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்பதால், நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30க்கும் இடையிற் பதிபவை முந்தைய நாளாக விழும். வாசிகசாலை அந்த நேரத்தில் பூட்டியிருந்தாலும், நாட்காட்டிப் பெட்டியில் தெரிவுசெய்யும் திகதிகள் நள்ளிரவு நேரத்துடன் உருவாவதால் இந்தப் பிழை பகலிலும் தலைகாட்டும். இரவல் நாளை வெறும் ஆண்டு, மாதம், நாள் என்ற எழுத்துச் சரமாகவே சேமியுங்கள். இன்றைய திகதி தேவைப்படும் இடத்தில் ஏசியா கொலம்போ நேர வலயத்தைக் குறிப்பிட்டே கணக்கிடுங்கள்.


இணுவில் நிரலர் எழுதியது:

கைத்தொலைபேசியில் பார்க்க ஒவ்வொரு தடவையும் கிற்ஹப்பில் ஏற்றத் தேவையில்லை. கணினியும் தொலைபேசியும் ஒரே ஹொட்ஸ்பொட்டில் இருக்கும்போது, செயலியைக் கணினியில் இயக்கிக் காட்டும் டெவ் கட்டளையை ஹோஸ்ட் என்ற தெரிவுடன் இயக்கினால், வலையமைப்பு முகவரி ஒன்று 5173 என்ற துறை எண்ணுடன் திரையில் வரும். அதைத் தொலைபேசி உலாவியில் தட்டினாற் போதும். போக்குவரத்து உங்கள் இரு கருவிகளுக்குள்ளேயே நடப்பதால் டேட்டா செலவாகாது. விண்டோஸில் தீயரண் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் பக்கம் திறக்காது.